அக்குபங்சருக்குப் போகுமுன்: டெல்டா மக்கள் கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம் மட்டுமல்ல, டெல்டாவின் சிறு ஊர்க் கடைத்தெருவிலும் இப்போது அக்குபங்சர் பலகையைப் பார்க்கலாம். உள்ளே போனால் என்ன நடக்கும் என்பது பலருக்குத் தெரியாது. தெரியாததாலேயே சிலர் பயந்து ஒதுங்குகிறார்கள். வேறு சிலர் சொன்னதையெல்லாம் நம்பி, சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். இந்த இரண்டாவது வகையினரை நினைத்துத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். நான் இயற்கை மருத்துவம் படித்தவள், அக்குபங்சர் பார்க்கிறவள். சிகிச்சைக்கு வருகிறவர்கள் கேட்பதை அவர்கள் கேட்கிற விதத்திலேயே கீழே தந்திருக்கிறேன்.

ஊசின்னாலே பயம். ரொம்ப வலிக்குமா?

ஆஸ்பத்திரியில் போடும் ஊசியை மனதில் வைத்துக்கொண்டுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். தடுப்பூசி போடும் ஊசி ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், மருந்து போவதற்கு உள்ளே துளையும் இருக்கும். அக்குபங்சர் ஊசி பெரும்பாலும் 0.20 முதல் 0.30 மில்லிமீட்டர்தான். துளை கிடையாது. தோலுக்குள் நுழையும்போது சுருக்கென்று ஒரு நொடி தெரியும். சிலருக்கு அதுவும் தெரியாது.

அதற்குப் பிறகு வருவது வேறு மாதிரியான உணர்வு. ஊசி இருக்கும் இடத்தைச் சுற்றிக் கனமாக, மதமதவென்று இருக்கும். வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தவருக்குக் கால் மரத்துப்போவதுபோல. சில சமயம் லேசான குடைச்சல் ஊசியிலிருந்து கொஞ்ச தூரம் ஓடும். சீன வைத்தியர்கள் இதை ‘தெ-சீ’ என்பார்கள். ஊசி தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்பதற்கு இதை அடையாளமாக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் மின்சாரம் பாய்ந்ததுபோலச் சுரீரென்று இழுத்தாலோ, எரிச்சல் விடாமல் இருந்தாலோ பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டாம். உடனே சொல்லுங்கள், ஊசியைக் கொஞ்சம் மேலே இழுத்தாலே சரியாகிவிடும்.

முதல் நாள் என்னென்ன நடக்கும்?

பேச்சுதான் அதிகம். வலி எங்கே, எப்போதிலிருந்து, எந்த வேலை செய்தால் கூடுகிறது, ராத்திரி தூக்கம் எப்படி, பசி எப்படி, மலச்சிக்கல் உண்டா, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்றெல்லாம் கேட்பார்கள். இடுப்பு வலிக்கு வந்தவரிடம் தூக்கத்தைப் பற்றி ஏன் கேட்கிறார்கள் என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. அந்த முறையில் உடம்பை மொத்தமாகப் பார்ப்பதுதான் வழக்கம். நாக்கை நீட்டச் சொல்வார்கள். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று மூன்று இடத்தில் விரல் வைத்து நாடி பார்ப்பார்கள்.

பிறகு படுக்கவைத்து, இடத்தைத் துடைத்து ஊசி போடுவார்கள். வலி இருக்கும் இடத்தில்தான் போடுவார்கள் என்றில்லை. இடுப்பு வலிக்கு முழங்கால் மடிப்புக்குப் பின்னாலும், தலைவலிக்குக் கால் விரல்களுக்கு மேலேயும் போடுவது சாதாரணம். ஊசியோடு 20 முதல் 30 நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பலர் தூங்கிவிடுவார்கள். முதல் வருகைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு வருவது நல்லது. கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய அவசரத்தில் வந்தால் உடம்பு தளராது.

வெறும் வயித்தோட வரணுமா?

வேண்டாம். ரத்தப் பரிசோதனைக்குப் போவதுபோலப் பட்டினியாக வருகிறவர்கள் நிறைய. பசியோடு, வெயிலில் பைக் ஓட்டிவந்த களைப்போடு ஊசி போட்டுக்கொண்டால் தலை சுற்றும், சிலர் மயங்கியும் விழுவார்கள். ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லியோ கொஞ்சம் கஞ்சியோ சாப்பிட்டுவிட்டு வாருங்கள். விரதமோ நோன்போ இருந்தால் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். நோன்பு திறந்த பிறகு மாலையில் வருவது இன்னும் நல்லது. குடித்துவிட்டு வந்தால் நான் ஊசி போட மாட்டேன்.

பொம்பளைங்க உடையைக் கழட்ட வேண்டியிருக்குமா?

இதை வாய்விட்டுக் கேட்கத் தயங்கி, அதனாலேயே வராமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். பெரும்பாலான சிகிச்சைக்கு முழங்கைக்குக் கீழும் முழங்காலுக்குக் கீழும் இருக்கும் புள்ளிகளே போதும். தளர்வான சுடிதாரோ, கொஞ்சம் தூக்கிவிடக்கூடிய புடவையோ இருந்தால் சரி. முதுகில் போட வேண்டியிருந்தால் முன்கூட்டியே சொல்லி, திரை போட்டு, துணி போர்த்தி, அந்த இடத்தை மட்டும் திறந்துதான் போட வேண்டும். கூட வந்த அக்காவோ மகளோ உள்ளே இருக்கலாம், அதை மறுக்கிற இடத்தில் படுக்காதீர்கள். ‘அந்த இடத்தில் வேண்டாம்’ என்று எந்த நேரத்திலும் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மாற்றுப் புள்ளி எப்போதும் இருக்கும். மொத்தம் 361 புள்ளிகளை உலக சுகாதார நிறுவனம் வரையறுத்து வைத்திருக்கிறது.

ஊசிக்குள்ள மருந்து இருக்கா?

இல்லை. வெறும் எஃகு கம்பி.

மருந்தே இல்லாம வலி எப்படிக் குறையும்?

உடம்பில் ‘சீ’ என்ற சக்தி தடங்கள் வழியாக ஓடுகிறது, அது தடைப்பட்டால் நோய், ஊசி தடையை எடுத்துவிடுகிறது. இது பழைய சீன விளக்கம். அந்தத் தடங்களை அறுவை சிகிச்சையிலோ ஸ்கேனிலோ யாரும் கண்டதில்லை. இன்றைய ஆராய்ச்சி நரம்புகளின் பக்கம் பார்க்கிறது. ஊசி தசையிலும் தோலடியிலும் இருக்கும் நரம்புகளைத் தூண்டும்போது மூளையும் தண்டுவடமும் எண்டார்பின் போன்ற வலி தணிக்கும் பொருள்களைச் சுரக்கின்றன. 1970களில் நடந்த சோதனைகளில் எண்டார்பினின் வேலையைத் தடுக்கும் நலாக்ஸோன் என்ற மருந்தைக் கொடுத்தபோது ஊசியால் குறைந்த வலி திரும்பி வந்தது. ஆகவே ஏதோ நடக்கிறது என்பது உறுதி. ஊசியின் பங்கு எவ்வளவு, அக்கறையாகக் கேட்டுத் தொட்டுப் பார்க்கும் வைத்தியரின் பங்கு எவ்வளவு என்பதுதான் இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

எந்த எந்த நோய்க்கு இது கேட்கும்?

நாள்பட்ட வலிகளுக்கு. அதைத்தான் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியும்.

முதுகு, கழுத்து, தோள்பட்டை, முழங்கால் தேய்மானம், நாள்பட்ட தலைவலி ஆகியவற்றில் 39 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, ஏறக்குறைய 20,800 பேரின் விவரங்களை வைத்துப் பார்த்த அலசல் ஒன்று 2018-ல் வெளியானது. ஊசி போட்டவர்களுக்கு, போடாதவர்களைவிட வலி நன்றாகக் குறைந்தது. உண்மையான சிகிச்சைபோலத் தோன்றும் போலி ஊசி போட்டவர்களோடு ஒப்பிட்டாலும் வித்தியாசம் இருந்தது, ஆனால் சிறியது. அதற்கு முன்பு, 2007-ல் வெளியான ஜெர்மானிய ஆய்வில் இடுப்பு வலியுள்ள 1,162 பேர் கலந்துகொண்டார்கள். முறைப்படிப் புள்ளி பார்த்து ஊசி போட்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்குப் பலன், புள்ளி அல்லாத இடத்தில் மேலோட்டமாக ஊசி போட்டவர்களில் 44.2 சதவீதம் பேருக்குப் பலன், வழக்கமான மருந்தும் உடற்பயிற்சியும் மட்டும் பெற்றவர்களில் 27.4 சதவீதம் பேருக்குப் பலன். இதை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வேன். ஊசி உதவுகிறது என்பதும் தெரிகிறது, ‘இந்தப் புள்ளியை விட்டால் வேறு கதியில்லை’ என்று பேசுகிறவர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்பதும் தெரிகிறது.

ஒற்றைத் தலைவலிக்கு, மருந்து ஒத்துக்கொள்ளாதபோது 5 முதல் 8 வாரங்களுக்குள் 10 தடவை வரை அக்குபங்சர் தரலாம் என்று பிரிட்டன் அரசின் மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. அதே பிரிட்டன் 2016-ல் இடுப்பு வலிக்கு இதைத் தர வேண்டாம் என்றும் சொன்னது. நிபுணர்களே ஒரே முடிவுக்கு வரவில்லை. குமட்டலுக்கு, குறிப்பாக அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் வாந்திக்கு, மணிக்கட்டின் உட்புறத்தில் இருக்கும் ‘நெய்குவான்’ புள்ளி நன்றாக வேலை செய்கிறது.

சர்க்கரை, பிரஷர், தைராய்டு, கிட்னி பழுது, புற்றுநோய் ஆகியவற்றை ஊசி குணமாக்காது. புற்றுநோய் சிகிச்சையில் வரும் குமட்டலைத் தணிக்கலாம், கட்டியைக் கரைக்க முடியாது. முகவாதம் வந்து ஒரு பக்கம் வாய் கோணிப்போனால் முதலில் ஓட வேண்டியது மருத்துவரிடம். 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால்தான் முழுப் பலன். அந்த மூன்று நாளை ஊசியில் கழித்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு அடித்துக்கொள்கிறது.

எத்தனை தடவை வரணும்? நடவு நேரத்துல தொடர்ந்து வர முடியாதே?

நாள்பட்ட வலிக்கு வாரம் ஒன்று அல்லது இரண்டு தடவை, மொத்தம் 6 முதல் 10 தடவை என்பது பொதுவான கணக்கு. ஒரே நாளில் மந்திரம்போல வலி போனால் சந்தோஷம்தான், ஆனால் அது ஓரிரு நாளில் திரும்பி வரலாம். நாலைந்து தடவை வந்தும் துளிகூட மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிட்டு வேறு வழி பார்க்க வேண்டும். அதை உங்களிடம் சொல்ல வேண்டியவர் வைத்தியர்தான். 20 தடவைக்கு மொத்தமாக முன்பணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். வருகிற அன்றைக்கு உள்ளதை அன்றைக்குக் கொடுப்பதே சரி.

அவசரமில்லாத இடுப்பு வலி, முழங்கால் வலி என்றால் சம்பா அறுப்பு முடிந்த மாசி, பங்குனியில் தொடங்குங்கள். நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்டுவிட்டு மாலையில் வந்து படுத்தால் பலன் நிற்காது, மறுநாள் மறுபடி அதே குனிவுதான். குழித்தறியில் உட்காரும் திருபுவனம் நெசவாளருக்கும் இதே பதில். மணிக்கொரு தடவை எழுந்து தோளைச் சுழற்றி, இடுப்பை நிமிர்த்தி, நாலு எட்டு நடந்துவிட்டு வருவதை ஊசியோடு சேர்த்துச் செய்தாக வேண்டும்.

ஒருத்தருக்குப் போட்ட ஊசியை இன்னொருத்தருக்குப் போடுவாங்களா?

போடக் கூடாது. முன்பு ஊசியைக் கொதிக்கவைத்து மறுபடி பயன்படுத்தும் வழக்கம் இருந்தது. சரியாகக் கிருமி நீக்காத ஊசியால் ஹெபடைட்டிஸ் பி பரவியதாக உலகின் பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. இன்றைக்குக் கிருமி நீக்கி உறையிட்ட, ஒரே தடவை பயன்படுத்தும் ஊசிகள் மலிவாகவே கிடைக்கின்றன. உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் ஊசியைக் கெட்டியான டப்பாவில் போடுகிறார்களா என்று பாருங்கள். ‘உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சிருக்கேன், அடுத்த தடவையும் இதையே போடலாம்’ என்றால் அதுவும் கூடாது. இதைக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். கோபித்துக்கொள்கிறவரிடம் போகவே வேண்டாம்.

பக்கவிளைவு ஒண்ணும் இல்லைங்கறாங்களே, நெசமா?

குறைவு. ஆனால் ஒன்றும் இல்லை என்பது பொய். ஜெர்மனியில் 2,29,230 நோயாளிகளைக் கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில் 8.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு தொந்தரவைச் சொன்னார்கள். பெரும்பாலும் ஊசி எடுத்த இடத்தில் ஒரு சொட்டு ரத்தம், கன்றிப்போன நீலம், கொஞ்சம் வலி. அத்தனை பேரில் இரண்டு பேருக்கு ஊசி நுரையீரல் உறையைத் தொட்டு, காற்று கசிந்தது. மார்பிலும் மேல்முதுகிலும் ஆழமாகக் குத்தக் கூடாது என்பது இதனால்தான். அந்த இடங்களில் ஊசி போட்ட அன்றோ மறுநாளோ மூச்சு வாங்கினால், நெஞ்சு குத்தினால், 108-ஐக் கூப்பிடுங்கள்.

யாருக்குப் போடக் கூடாது?

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இதயத்தில் வால்வு மாற்றியவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், வலிப்பு உள்ளவர்கள் ஊசி போடுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். எல்லோருக்கும் கூடாது என்றில்லை, புள்ளியும் ஆழமும் மாறும்.

நம் பக்கத்துக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியவை மூன்று. வயல் வேலையில் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்திருந்தால், ஆறும்வரை பாதத்தில் ஊசி வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகளுக்கும் அப்படியே. அவர்களுக்குச் சின்னக் காயமும் பெரிய புண்ணாகிவிடும். யானைக்கால் வீக்கம் உள்ள காலில் ஊசி போடவே கூடாது. கும்பகோணம் பகுதியில் முன்பு பரவலாக இருந்த நோய் இது, இன்றும் வயதானவர்கள் சிலர் வீங்கிய காலோடு வருகிறார்கள். நிணநீர் தேங்கிய காலில் ஒரு சின்னத் துளை போதும், கிருமி புகுந்து காய்ச்சலும் வீக்கமும் கூடிவிடும். அந்தக் காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் இல்லாமல் துடைத்து, உயர்த்தி வைப்பதுதான் சரியான வைத்தியம்.

மாசமா இருக்கும்போது?

பிரசவ டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் ‘ஹெகு’, கணுக்காலுக்கு மேல் உட்புறத்தில் இருக்கும் ‘சான்யின்ஜியாவ்’ ஆகிய புள்ளிகளைக் கர்ப்ப காலத்தில் தவிர்ப்பது மரபு. மசக்கை வாந்திக்கு நெய்குவான் புள்ளியை விரலால் அழுத்திவிட்டாலே பலருக்குத் தணிகிறது. வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொள்ளலாம் என்று எந்த வைத்தியர் சொன்னாலும் அவரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். ரத்தப்போக்கு வந்தால் ஊசியும் தொடுதலும் காப்பாற்றாது.

ஊசியே இல்லாம, ஒரு விரலால தொட்டே குணப்படுத்தறாங்களே?

தமிழ்நாட்டில் பரவலாக இருக்கும் வழக்கம் இது. நாடி பார்த்து, ஒரு புள்ளியில் விரலை வைத்துச் சில நொடியில் எடுத்துவிடுவார்கள். மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் ஊசியை வைத்து நடந்தவை. அந்தப் பலனைத் தொடுதலுக்கும் உரியது என்று சொல்ல முடியாது. தொடுவதால் கெடுதல் வராது. அதோடு சேர்த்துச் சொல்லப்படும் அறிவுரையில்தான் ஆபத்து இருக்கிறது. ‘எல்லா மாத்திரையையும் தூக்கிப் போடு, டெஸ்ட் எடுக்காதே, காய்ச்சல் வந்தால் நல்லது, கழிவு வெளியேறுகிறது.’ இப்படிச் சொல்கிறவர்கள் ஊசி வைத்திருக்கிறவர்களிலும் இருக்கிறார்கள்.

இன்சுலின் போடும் குழந்தைக்கு அதை நிறுத்தினால் சில நாளில் உயிர் போகலாம். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வரும். பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் முதலில் ஒன்றும் தெரியாது, உடம்பு நன்றாக இருப்பதாகவே தோன்றும். பிறகு ஒரு நாள் கை கால் விழுந்துவிடும். தெருவில் ஒருவர் சொன்னதைக் கேட்டு அப்பா மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று மகன்கள் வந்து அழுவதைக் கேட்டவர்களுக்கு இந்த விஷயத்தில் சமரசம் பேசத் தோன்றாது. வலி மாத்திரை வேண்டுமானால் வலி குறையக் குறையத் தானாகக் குறையும். மற்ற எதையும் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

பத்தியம் உண்டா? எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கலாமா?

பத்தியம் இல்லை. கருவாடு, கத்தரிக்காய் எதையும் விட வேண்டாம். எண்ணெயோ வலித் தைலமோ தேய்த்துக்கொண்டு வராதீர்கள். வழுக்கும் தோலைச் சுத்தம் செய்வதும் சிரமம், ஊசி போடுவதும் சிரமம். சிகிச்சைக்குப் பிறகு அன்றைக்கு வெந்நீரில் குளிக்கலாம், எண்ணெய்க் குளியலை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் பத்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வண்டியை எடுங்கள். முதல் தடவை என்றால் பின்னால் உட்கார்ந்து போவதே நல்லது.

கரண்ட் வைக்கறது, புகை காட்டறது, கப் வைக்கறதெல்லாம் என்ன?

ஊசியில் சிறு கிளிப் மாட்டி, பேட்டரியில் ஓடும் கருவியால் மெல்லத் துடிக்கவைப்பது மின் அக்குபங்சர். பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்குக் கூடாது. புகை காட்டுவது மோக்சா. நம் கதம்பத்தில் கட்டும் மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் இலையை உலர்த்தி, சுருட்டாகக் கொளுத்தி, புள்ளிக்கு அருகில் சூடு காட்டுவார்கள். இதமாக இருக்கும். உணர்ச்சி குறைந்த காலில் மட்டும் வேண்டாம், சுட்டுவிடும். கப் வைப்பது தோலை உறிஞ்சி இழுக்கும்படி கிண்ணத்தைக் கவிழ்ப்பது, வட்டமாகக் கன்றிப்போய் ஒரு வாரம் தெரியும்.

இது நம்ம ஊர் வர்மமா?

இல்லை. இரண்டும் உடம்பில் இடம் பார்க்கின்றன, அவ்வளவுதான் ஒற்றுமை. வர்மம் தென்கோடித் தமிழ்நாட்டில் வேரூன்றியது. அக்குபங்சர் சீனத்திலிருந்து வந்தது. இந்தியாவுக்கு அது வந்த வழியை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கும். ஜப்பான் படையெடுப்பால் தவித்த சீனாவுக்கு உதவ 1938-ல் இந்தியாவிலிருந்து ஐந்து மருத்துவர்கள் கப்பலேறினார்கள். அவர்களில் துவாரகாநாத் கோட்னிஸ் அங்கேயே 1942-ல் இறந்துபோனார். இன்னொருவரான பிஜய் குமார் பாசு 1950களின் இறுதியில் மறுபடி சீனா சென்று ஊசி வைத்தியம் கற்று, கல்கத்தாவில் அதைத் தொடங்கிவைத்தார்.

யாரிடம் போகலாம்? எப்படித் தெரிஞ்சுக்கறது?

மத்திய சுகாதார அமைச்சகம் 2003-ல் அக்குபங்சரைத் தனி மருத்துவ முறையாக அல்லாமல் ஒரு சிகிச்சை முறையாக அனுமதித்தது. பதிவு பெற்ற மருத்துவரோ உரிய பயிற்சி பெற்றவரோ செய்யலாம் என்றது. ஐந்தரை ஆண்டு படிக்கும் இயற்கை மருத்துவ, யோகா பட்டப்படிப்பில் இது ஒரு பகுதி. சில வார வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் மாட்டியவர்களும் இருக்கிறார்கள். எங்கே படித்தீர்கள், எத்தனை ஆண்டு, பதிவு எண் என்ன என்று கேளுங்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் உள்ள யோகா, இயற்கை மருத்துவப் பிரிவில் விசாரித்தால் செலவில்லாமலும் கிடைக்கலாம்.

எப்போ இங்க வராம நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

வயலில் தண்ணீரில் நின்று வேலை செய்தவருக்குக் கடுமையான காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் எலிக் காய்ச்சலாக இருக்கலாம். அதை உடம்பு வலி என்று நினைத்து ஊசிக்கு வரக் கூடாது. இடுப்பு வலியோடு சிறுநீர் அடைத்தாலோ தெரியாமல் போனாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்தாலோ அன்றைக்கே தஞ்சாவூர் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இடது தோளில் வலி என்று ஒருவர் வந்து, வியர்த்துக்கொட்டிக்கொண்டிருந்தால் அது தோள் வலி அல்ல, மாரடைப்பாக இருக்கலாம். வாய் கோணி, பேச்சுக் குழறி, ஒரு பக்கக் கை தூக்க முடியாமல் போனால் அது பக்கவாதமாக இருக்கலாம், ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் மருந்து ஊசியை ஆஸ்பத்திரியில் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். விழுந்த அடி, காரணமில்லாமல் உடல் மெலிவு, ராத்திரியில் எழுப்பும் எலும்பு வலி, இவற்றுக்கு முதலில் பரிசோதனை.

வீட்டுக்கு வந்தப்புறம் ஒரு ஊசி எடுக்காம ஒட்டிக்கிட்டிருந்தா?

எப்போதாவது நடக்கும், குறிப்பாகத் தலைமுடிக்குள்ளும் காதின் பின்னாலும். கையைக் கழுவிக்கொண்டு, நேராக வெளியே இழுத்து, சுத்தமான பஞ்சால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். குப்பையில் போடாமல் மூடியுள்ள டப்பாவில் போட்டு அடுத்த தடவை கொண்டுவந்து கொடுங்கள். உள்ளே வளைந்தோ ஒடிந்தோ இருந்தால் இழுக்காமல், அந்த இடத்தை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போட்ட ஊசியையும் எடுத்த ஊசியையும் எண்ணிப் பார்ப்பது வைத்தியரின் வேலை. படுக்கையிலிருந்து எழுவதற்கு முன் ‘எல்லாம் எடுத்தாச்சா, எண்ணினீங்களா?’ என்று நீங்களும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.